பேசாத மேஜை

எங்கள் சீட்டாட்ட மேஜையைத் தூக்கப் போகிறார்கள் என்று முதலில் சொன்னது சமையல்கார இனாக்கிதான். கேசினோவில் எந்தச் செய்தியும் சமையலறை வழியாகத்தான் வெளியே வரும். மேலாளர் காலையில் முட்டை தின்றுகொண்டே போனில் பேசுவார். இனாக்கி அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பான்.

"டெல்மர், உன் மேஜைக்கு நாள் குறிச்சாச்சு. அந்த எடத்துல ஆறு மெஷின் வருதாம்."

"முதல்ல வாயக் கழுவு" என்றேன்.

எங்கள் 'காப்பர் கெட்டில்' பெரிய கேசினோ ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலை லாரிக்காரர்கள், தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்தவர்கள், வீட்டில் டிவி பார்த்து அலுத்த கிழங்கள், எல்கோ ஊரில் இவர்கள்தான் எங்கள் ஜனம். காசு போட்டுப் பொத்தானைத் தட்டும் முந்நூறு ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே, இருபத்தொன்றைத் தாண்டாமல் சீட்டுக் கூட்டி ஆடும் ஒரே ஒரு பிளாக்ஜாக் மேஜை மிச்சம். பகல் ஷிப்டில் இருபத்திரண்டு வருடமாக அதில் சீட்டுப் போடுகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தொன்று வரை வேகமாகக் கூட்டத் தெரியும், வேறு தொழில் தெரியாது. மேஜை போனால் நானும் போகவேண்டியதுதான்.

மேலாளர் கோல்பிக்கு என் மகன் வயது. நல்ல பையன்தான், அதுவே எரிச்சலாக இருக்கும். நேராகவே போய்க் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க டெல்மர்" என்றான். "நேத்து பூரா நின்னு எண்ணுனேன். ஒரு மணி நேரத்துல உங்க மேஜையில அறுபது ஆட்டம். அந்தாண்ட ஒரு மெஷின்ல அறுநூறு. அது சம்பளம் கேக்காது, சாப்பிடப் போகாது. அது பக்கத்துல ஒரு ஆள நிறுத்திக் கண்காணிக்க வேணாம்."

"மெஷின்ல சில்லறை போடுறாங்க. என்கிட்ட அஞ்சு டாலருக்குக் கொறஞ்சு உக்கார முடியாதே."

"அதான் விஷயமே. சில்லறைதானேன்னுதான் உக்காருவாங்க. அறுநூறு தடவ போட்டா அது சில்லறையா? அப்புறம், உங்ககிட்ட வரணும்னா ஆட்டம் தெரியணும். தப்பாச் சீட்டு கேட்டா பக்கத்துல இருக்கவன் மொறைப்பான். மெஷின்கிட்ட யாருக்கு வெக்கம்?"

அவன் விடவில்லை.

"ஓடெல் நேத்து கரடிக் கதை சொன்னாரில்ல, அப்ப ஆறு நிமிஷம் ஒரு சீட்டு நகரல. நீங்களும் கையக் கட்டிக்கிட்டுக் கேட்டீங்க."

"நல்ல கதைப்பா அது."

"முப்பது தடவ கேட்ட கதை."

முப்பது இல்லை, நூறு இருக்கும். ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் ஓடெல் ஒவ்வொரு முறையும் கரடியை ஒரு அடி வளர்த்துவிடுவார். ஆனால் கோல்பியின் கணக்கில் தப்பில்லை.

"ஒரு மாசம் குடு. ஆட்டம் எப்படி ஓடுதுன்னு பாரு" என்றேன். அவன் சரி என்றான்.

அந்த மேஜையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னா தினமும் பதினொரு மணிக்கு வருவாள். எங்கள் கேசினோவிலேயே பான்கேக் தின்றுவிட்டு, இரண்டு இருபது டாலர் நோட்டோடு கடைசி நாற்காலியில் உட்காருவாள். அவள் கணவர் இறந்த வருடம், ஒரு நாள், இரண்டும் தீர்ந்து மூன்றாவது நோட்டுக்காகப் பையைத் திறந்தாள். கை பைக்குள் துழாவிக்கொண்டே இருந்தது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "வெர்னா, பிஸ்கட் வாசலையே பாத்துக்கிட்டு இருக்குமே."

பிஸ்கட் அவளுடைய ஒற்றைக்கண் நாய். அவள் என்னைப் பார்த்தாள், பையை மூடினாள். "ஆமா, அந்தத் திருட்டு நாய்க்கு வேற பொழப்பு இல்ல" என்று இறங்கிப் போனாள். அன்றிலிருந்து ஒன்பது வருடம். காசுக்கு மாற்றிக்கொண்ட பந்தய வில்லைகள் நாலைந்துக்கு வந்ததும் நான் பிஸ்கட் பேச்சை எடுப்பேன், அவள் நாயைத் திட்டிக்கொண்டே எழுந்து போவாள். சீட்டுப் போடும் டீலர் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அவள் கையும் முகமும் கண்ணில் படத்தானே செய்யும்? இதை நான் பெரிய தர்மமாக ஒரு நாளும் நினைத்ததில்லை.

கோல்பியிடம் பேசிய மறுநாளே வேகத்தைக் கூட்ட ஆரம்பித்துவிட்டேன். சீட்டு பறந்தது. பேச்சு இல்லை, வணக்கம் இல்லை. ஓடெல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னிக்கு பாரு, அந்தக் கரடி..." என்று தொடங்கினார்.

"ஓடெல், சீட்டு வேணுமா, வேணாமா?"

"என்னப்பா, பாத்ரூம் அவசரமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. நாலாம் நாள் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "கதை கேக்க ஆளில்லாத எடத்துல காச விடுறதுக்கு நான் என்ன முட்டாளா?" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. அவர் நாற்காலியில் சுரங்கத்து இளவட்டங்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேகம் பிடித்திருந்தது.

அதே வாரம் ஒரு நாள் வெர்னாவின் வில்லைகள் மூன்றுக்கு வந்தன. பிஸ்கட் என்ற பெயர் நாக்கு நுனியில் நின்றது. எனக்குப் பின்னால் கோல்பி கடிகாரத்தோடு நின்றான். விழுங்கிவிட்டேன்.

அவள் கடைசி வில்லையை வைத்தாள், போனது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு பையைத் திறந்து இன்னொரு நோட்டை வைத்தாள். மேலே இருக்கும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி நோட்டைப் பச்சைத் துணியில் விரித்துக் காட்டிவிட்டு வில்லைகளைத் தள்ளினேன். அன்று மூன்று மணிவரை இருந்தாள். மறுநாளும் இருந்தாள். வளர்ந்த பொம்பளை, அவள் காசு, எனக்கென்ன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவளாகவே எழுந்தாள். "இங்க ரொம்பச் சீக்கிரம் தீந்துடுது டெல்மர். மெஷின்ல கொஞ்ச நேரம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால், என் கண்ணுக்கு எட்டாத வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மாதம் முடிந்ததும் கோல்பி முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"தலைமை ஆபீஸ்ல அசந்துட்டாங்க. ஆட்டம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு."

"அப்ப மேஜை இருக்கும்?"

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "இல்ல டெல்மர். பேச்சே இல்லாம இவ்வளவு நல்லா ஓடுதுன்னா, திரை வெச்ச மேஜையே போதும்னு சொல்லிட்டாங்க. அஞ்சு நாற்காலி, நடுவுல டிவி மாதிரி ஒரு திரை. அதுல படத்துல வர்ற ஒரு பொண்ணு சீட்டுப் போடும்."

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அந்த மேஜையில் ஆள் தேவையில்லை என்று ஒரு மாதம் நின்று காட்டியவன் நான்தானே. வேகத்தில் மெஷினோடு போட்டி போட்டேன். மெஷினால் முடியாத ஒன்று என்னிடம் இருந்தது, அதை முதல் வாரமே விழுங்கிவிட்டேன். மெஷின் ஏன் லாபம் என்பதற்குக் கோல்பியும் ஒரு காரணத்தைச் சொல்லாமல் விட்டிருந்தான், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். அறுநூறு ஆட்டமோ மிச்சமாகும் சம்பளமோ மட்டும் இல்லை. எந்த மெஷினும் யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லாது.

வேறு வேலை தருவதாகச் சொன்னான். மெஷினில் நோட்டு மாட்டிக்கொண்டால் எடுத்துவிட வேண்டும், பெரிய பரிசு விழுந்தால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீல உடுப்பு, பாதி வருமானம். ஒத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

கடைசி நாள் சீட்டுகளை அடுக்கி வைத்தேன். மேஜையை விட்டு விலகும் டீலர் எதையும் ஒளிக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டவேண்டும். கையைத் தட்டினேன், உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினேன். இரண்டும் வெறுங்கை. ஆனாலும் எதையோ எடுத்துக்கொண்டு போகிற கள்ளன் மாதிரி இருந்தது எனக்கு.

நேராகத் தூணுக்குப் பின்னால் போனேன். வெர்னா பழைய கோட்டைப் போட்டபடியே உட்கார்ந்திருந்தாள். பான்கேக் சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை. பொத்தானைத் தட்டினாள், படங்கள் சுழன்று நின்றன, மறுபடி தட்டினாள்.

"வெர்னா, பிஸ்கட் வாசலையே பாத்துக்கிட்டு இருக்குமே" என்றேன்.

"இருக்காது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தங்கச்சி வீட்டுல விட்டுட்டேன். அது காத்துக்கிட்டு இருக்கும்னு நெனச்சா இங்க உக்கார முடியல."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் இரண்டு முறை தட்டினாள். பிறகு கை பொத்தான் மேலேயே நின்றது.

"அன்னிக்குக் கடைசி வில்லை போனதும் உன்னப் பாத்தேனே டெல்மர். பிஸ்கட் பேச்ச எடுப்பேன்னு பாத்தேன். நீயே சொல்லலன்னா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."