கன்னத்தில் ஒரு கமர்கட்

1

இந்தக் கதை ஒரு வீடியோவிலிருந்து வந்தது. ஆழ்மனத்திலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் வீடியோவிலிருந்துதான் வந்தது. எந்த ஊர் என்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண், சின்ன வயதில் தின்ற மிட்டாயின் ருசியில், சீனி போடாமல், மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தை ஏற்றி, வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்கிறாள். ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். பின்னால் நிற்கும் ஒருவன் இன்னொரு ஸ்பூனோடு கையை நீட்டுகிறான்.

எனக்குக் கோபம் வந்தது அந்த இரண்டாவது ஸ்பூனைப் பார்த்துத்தான்.

நான் வில்லாபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன். பகலில் டியூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். என்னோடு பேசுகிற ஆட்கள் எல்லோரும் பதினேழு வயதுக்காரர்கள், அவர்களும் சந்தேகம் இருந்தால்தான் பேசுவார்கள்.

ஐஸ்கிரீமை ஒற்றை ஸ்பூனால் தின்றுவிடலாம். கதை என்று வந்தால் இரண்டாவது ஸ்பூனுக்கு ஆள் வேண்டும்.

2

தொடக்கங்கள்:

சன்னல் வழியே மாலை வெயில் சாய்வாக வந்து விழ (என் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் எங்கிருந்து வரும்?)

முபீனா எனக்குத் தோழி மட்டுமல்ல, அவள் (மட்டுமல்ல என்று ஆரம்பித்தாலே அடுத்து ஒரு பொய் வரப்போகிறது. தோழி. போதும்.)

சரி, போன் வந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"கனகு, நல்லாருக்கியா?"

"இருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நம்பர் கெடச்சுச்சா?"

"ஏண்டி, எடுத்ததுமே சண்டையா?"

"நீ வையி. நானே கூப்பிட்டுச் சண்டை போடுறேன், ஒனக்குக் காசு மிச்சம்."

முபீனா சிரித்தாள். அப்புறம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். அதற்கு மேல் குரல் இறங்கிவிட்டது.

"எனக்குச் சுகர் வந்திருக்குடி. மாசமா இருக்கப்ப வருமாம்ல, அது. இப்படியே ஏறுச்சுன்னா தெனமும் ஊசிதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பிள்ளைக்கும் ஆகாதாம்."

"வீட்ல தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். மாமிக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கு. நோய்க்காரப் பொண்ணத் தலையில கட்டிட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துட்டா ஆயுசுக்கும் போகாதாம்."

நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். (இங்கே எழுதவில்லை. எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கே தெளிவில்லை.)

"ஞாயித்துக்கெழம இங்க ஏழாம் மாச விசேஷம். முடிஞ்சதும் அம்மா அது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். வர்ற பொம்பளைக அம்புட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வாய் இனிப்பு ஊட்டுவாங்க. வேணாம்னு ஒருத்தர்கிட்டச் சொன்னா, ஏன் எதுக்குன்னு கூடம் பூராம் கேக்கும்."

"அதுக்கு?"

"நீ சீனி இல்லாம ஒண்ணு செஞ்சு கொண்டு வா. நீ மொதல்ல ஊட்டிரு. வாய் நெறஞ்சிருந்தா வேற யாரும் திணிக்க முடியாதுல்ல? டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன், பனீரு, தயிரு, கடலைன்னா கொஞ்சமாச் சாப்பிடலாமாம்."

"என்ன ருசியில வேணும்?"

யோசிக்கவே இல்லை. "கமர்கட்."

(தேங்காய்த் துருவலை வெல்லப்பாகில் கிளறி உருட்டியது. கடித்தால் பல் போகும். கன்னத்தில் அடக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். கல்லூரியில் முபீனாவுக்கு முதல் வகுப்பு முடிய ஒன்று வேண்டும். பேராசிரியர் கேள்வி கேட்டால் வீங்கின கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பல்வலி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். பதிலை நான் எழுந்து சொல்வேன். மூன்று வருஷமும் அவளுடைய பல்வலிக்கு நான்தான் வாய்.)

3

இந்த இடத்தில் முபீனாவின் மாமியாரை உள்ளே கொண்டுவர வேண்டும். எழுதினேன். தடித்த உருவம், கனத்த குரல், அதட்டல். படித்துப் பார்த்தால் ராத்திரி சீரியலில் வருகிற அம்மா மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கல்யாணத்தன்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "இம்புட்டுப் படிச்சும் ஒனக்கு இன்னும் ஒரு மாப்ள அமையலையாம்மா?"

"படிப்பும் மாப்ளயும் ஒரே பஸ்ல வரலைங்க" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. "எங்க முபீனா இனி வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்ல" என்றார். அவ வேலைய விடச் சொல்ல நீங்க யாரு என்று பந்தியில் எழுந்து நின்று கேட்டேன். நான் கேட்டது சரி. இப்போதும் அதே இடத்தில் எழுந்து நின்று அதையேதான் கேட்பேன். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை. இந்த ஏழாம் மாசத்துக்கும் வரவில்லை.

ஆனால் முபீனா போனில் இன்னொன்றும் சொன்னாள். "கால் வீங்குதுன்னு மாமிதாண்டி தெனமும் எண்ணெ தடவி விடுறாங்க."

இதை ஏன் என்னிடம் சொன்னாள்? என் வில்லி கெட்டுப்போனாள். எண்ணெய்க் கையோடு ஒரு பொம்பளையை எப்படி வில்லியாக எழுதுவது?

(ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம் மட்டும் என்று யாரும் தலையாட்ட வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வளைகாப்பிலும் இதே ஊட்டல்தான். எங்கள் அத்தைமாருக்குக் கை இன்னும் பெரிசு.)

4

செய்முறை. பனீரையும் தண்ணீர் வடித்த தயிரையும் மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரைக்கணும். வறுத்த கடலையைத் தோல் நீக்கிப் பொடித்துச் சேர்க்கணும். கமர்கட்டுக்கு நிறம் கொடுப்பது வெல்லம். அது இல்லாததால் தேங்காய்த் துருவலைக் கருகப் போகிற கடைசி நொடி வரை வறுத்தேன். ஏலக்காய், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. இனிப்புக்கு ஸ்டீவியா என்கிற சீனித்துளசிச் சொட்டு. அறை முழுக்கக் கோயில் வாசல் கடை மாதிரி மணந்தது. மணக்கிறது என்று சொல்லத் திரும்பினேன். சுவரில் காலண்டர் இருந்தது.*

என்னிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. கீழே வீட்டுக்கார சுந்தரம்மாள் அக்காவின் ஃபிரீசரில் ஓர் ஓரம் கேட்டு வாங்கினேன்.

"என்னாம்மா டப்பாவுல?"

"ஐஸ்கிரீம்க்கா. சீனி இல்லாம."

"சீனி இல்லாம அது எதுக்கு ஐஸ்கிரீம்னு பேரு வச்சுக்கிட்டு அலையுது?"

நியாயமான கேள்வி. பதில் மறுநாள் காலையில் கிடைத்தது. டப்பாவில் இருந்தது கல். ஸ்பூனை இறக்கினேன். என்னிடம் இருக்கிற ஒரே ஸ்பூன், கழுத்து மடங்கிவிட்டது.

அன்றைக்கு நான் நடத்திய பாடம்: உறைநிலைத் தாழ்வு. நீரில் ஒன்றைக் கரைத்தால் அது உறைய இன்னும் அதிகக் குளிர் தேவைப்படும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் 'கரைபொருள்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். சீனி. ஐஸ்கிரீமில் சீனியின் வேலை இனிப்பு மட்டுமில்லை, கல்லாகாமல் பார்த்துக்கொள்வதும்தான். அதைத்தான் நான் எடுத்துவிட்டேன். சீனித்துளசி சொட்டுக்கணக்கில் போடுவது, அந்த வேலைக்குக் காணாது. வீடியோவில் அந்தப் பெண் ஒரு மெஷினை வைத்து அந்தக் கல்லைச் சீவித்தான் மெத்தென்று ஆக்குகிறாள். விளம்பரம் என்று நினைத்து அந்த இடத்தைத் தள்ளிவிட்டிருந்தேன்.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் இருந்தபடி வரி பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இதுதான் ஐஸ்கிரீம் என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. நானும் என் பிள்ளைகளுக்கு இதுவரை சொன்னதில்லை. சாக்பீஸைப் போட்டுவிட்டு அன்றைக்குச் சொன்னேன். ஒருத்தன்கூட எழுதிக்கொள்ளவில்லை. பரீட்சைக்கு வராதாம்.

(நல்ல எழுத்தாளர் என்றால் இங்கே, இனிப்பில்லாத பெண்ணும் இப்படித்தான் கல்லாகிப்போகிறாள் என்று ஒரு வரி போடுவார். நான் போட மாட்டேன். கல்லானது ஐஸ்கிரீம்.)

* அறையே மணக்கிறது என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் அம்மா இருளாயி சண்டைக்கு அஞ்சாதவள். ஏதாவது திட்டுவாள், நானும் பதிலுக்குப் பேசலாம் என்றுதான் போட்டேன். "தனியாவா ஐஸ்கிரீம் செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். "சரித்தா. சாப்பிடு." குரலில் கோபமே இல்லை. போனை வைத்தபிறகு வெகுநேரம் அந்தச் 'சரித்தா' அறைக்குள்ளேயே கிடந்தது.

5

"கல்லாயிருச்சுடி. ஸ்பூனு மடங்கிருச்சு."

முபீனா சிரித்த சிரிப்பில் எனக்குப் பயம் வந்துவிட்டது, மாசமாக இருக்கிறவள். "லூசு. கமர்கட்டுன்னா கல்லாத்தாண்டி இருக்கணும். உருட்டிக் கொண்டு வா. கன்னத்துல அடக்கிக்கிறேன். நீ கொண்டு வர்றது சீக்கிரம் கரையாதுல்ல? எனக்கு அதுதானே வேணும்."

படித்தது நான். யோசித்தது அவள். பல்வலிக்காரி.

மறுபடி அரைத்தேன், கெட்டியாக வந்ததைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி உறைய வைத்தேன். கொண்டுபோக வாய் அகன்ற பிளாஸ்க், உள்ளே பொடித்த ஐஸ், அதில் இரண்டு கை கல்லுப்பு. உப்பு சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும். அதே பாடம்தான். நடுவில் மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் உருண்டைகள்.

போனை வைக்குமுன் முபீனா சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. மாமிகிட்ட வாயத் தொறக்காத."

"அவுங்க ஒன் வாயில லட்டத் திணிச்சா?"

"அப்பவும்."

"முபீ..."

"கோவம் வந்தா நீ உண்மையச் சொல்லிருவ, கனகு. எனக்கு அதான் பயமா இருக்கு."

6

முடிவுகள்.

அ) மாமியார் ஓர் உருண்டையைத் தின்றுபார்த்து, கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொள்கிறார். (சினிமா. இடைவேளைக்கு அப்புறம் வருவது.)

ஆ) லட்டோடு ஒரு கை முபீனாவின் வாய்க்குப் போகிறது. அவளுக்குச் சுகர் இருக்கு என்று நான் கத்துகிறேன். கூடம் அடங்குகிறது. லட்டு உள்ளே போகவில்லை. முபீனா அதன்பிறகு எனக்குப் போன் பண்ணவில்லை. (இதுதான் நடக்கும் என்று என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். என்னைத் தெரிந்தவள் ஒருத்திதான், அவளே சொல்லிவிட்டாள்.)

இ) பாதிப் படியில் திரும்பி, அறைக்கு வந்து, எல்லா உருண்டையையும் நானே தின்கிறேன். (இதை எழுத ரொம்ப நேரம் ஆகாது. எனக்குப் பழக்கமானது.)

7

இதைப் பேருந்தில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன். தெற்குவாசல் பாலத்தில் வண்டி நகரவில்லை. மடியில் பிளாஸ்க். பக்கத்தில் இருக்கிற அம்மா கேட்கிறார்:

"பிள்ளைக்குப் பாலாம்மா?"

"ஆமா."

"வீட்ல யாரு பாத்துக்கிறா?"

"எல்லாரும் இருக்காங்க" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது வாய்க்கு நன்றாக இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு குடும்பத்தையே உண்டாக்கியிருப்பேன்.

8

வந்துவிட்டேன். குறுகலான சந்து, முதல் மாடி. படியெல்லாம் செருப்பு. என்னுடையதை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் வைத்திருக்கிறேன். கதவு பாதி திறந்திருக்கிறது, அத்தர் வாசமும் நெய் வாசமும் சேர்ந்து வருகிறது. முபீனாவின் முகம் தெரியவில்லை. பச்சைப் புடவையும் வளையல் கையும் மட்டும்.

மாமியாரின் குரல்: "வாயத் தொறம்மா. இம்புட்டுத்தான். மொத வாய் நாந்தான் ஊட்டணும்."

முபீனா: "இருங்க மாமி. ஒருத்தி வரணும்."

"யாரு வரணும்? எல்லாரும்தான் வந்தாச்சே."

"இல்ல மாமி. ஒருத்தி வரணும்."

படியிலேயே நின்றுவிட்டேன். என்னைச் சொல்கிறாள். ஒருத்தி வரணும் என்று, எனக்காக ஒரு கூடமே காத்திருக்கிறது. (இந்த வரியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

பிளாஸ்க்கைத் திறந்தேன். முதல் உருண்டையை எடுத்து என் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வருகிறது. தேங்காய் வாசம். கொஞ்சம் சுக்கு. உண்மையில் நன்றாகத்தான் இருக்கிறது, சுந்தரம்மாள் அக்கா. இது கரைகிறவரை என்னால் பேச முடியாது. சீனி இல்லாதது, மெதுவாகத்தான் கரையும். இந்தத் தடவை பல்வலி எனக்கு.

ஒரு கைக்குப் பிளாஸ்க், ஒரு கைக்கு உருண்டை. போனைப் பைக்குள் போட வேண்டும். செருப்பை யாருடையதோ ஒன்றின் மேல் விட்டுவிட்டேன். அ, ஆ, இ மூன்றையும் அடித்துவிடுங்கள். மாமியார் கையில் லட்டு இருக்கிறது, எனக்கு வாய் இல்லை. இங்கே வாய் இருக்கிற ஆள் இனி நீங்கள்தான். அந்த லட்டு எங்கே போகிறது என்பதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். அவள் வாயைத் திறக்கும்போது அவசரப்படாதீர்கள். உள்ளே போவது கல். கன்னத்தோரமாக, மெதுவாக வைக்க வேண்டும்.