நிலாவின் கயிறு

நாற்பத்தைந்தாம் தெரு நாடக அரங்கில் டாம் கராஸ்கோவின் வலது கை ஒரு ஒத்திகையில் பிடித்த கயிறு, அவன் மகள் பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை அந்தக் கையை விட்டு வரவில்லை. பசை இல்லை, பக்கவாதமும் இல்லை. மேடைக்கு மேலே, பக்கச் சுவரை ஒட்டிய இரும்புத் தளத்தில் நின்று திரைகளையும் மரச் சுவர்களையும் ஏற்றி இறக்குவது அவன் வேலை. மேடை நிர்வாகி விவியன் ஹாக் ஹெட்செட்டில் ‘தயார்’ என்றால் கயிற்றில் கை வைக்க வேண்டும், ‘இறக்கு’ என்றால் இறக்க வேண்டும். வேண்டாமென்றால் ‘ரத்து’ என்று அவள் சொல்லியே ஆக வேண்டும். கூரை இடிந்தாலும் இந்த முறை மாறாது. அன்றைக்கு அவள், மேடைமேல் இறங்க வேண்டிய மர நிலாவுக்குத் ‘தயார்’ சொன்ன மறுநொடி, நிலாவே வேண்டாமென்று இயக்குநர் கத்தினார். அவள் ஹெட்செட்டைக் கழற்றி அவர் மடியில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டாள். ரத்து சொல்லவில்லை.

தலைமைத் தச்சன் முர்தா கீழேயிருந்து கூப்பிட்டான்.

“அவ போயிட்டாடா. இறங்கி வா, பீர் குடிக்கலாம்.”

“கை வரலை தலைவரே.”

“கல்யாணத்தன்னிக்கும் இதையேதான் சொன்ன.”

அடுத்து வந்த நிர்வாகி ரத்தும் சொல்லிப் பார்த்தான், இறக்கும் சொல்லிப் பார்த்தான். கை அவனை மதிக்கவில்லை. கயிற்றை அறுக்கப் பார்த்த ரம்பம் பல்லிழந்தது. தொழிற்சங்கம் கூடிப் பேசி, சாப்பாட்டை மேலே அனுப்ப ஏற்பாடு செய்தது. கழிவு வாளியை முர்தா முகம் சுளிக்காமல் இறக்கினான். அந்த நாடகம் ஊத்திக்கொண்டது, நிலாவை உடைத்துக் குப்பை லாரியில் போட்டார்கள். அடுத்தடுத்த நாடகங்களுக்கு டாம் இடது கையால் கயிறு இழுத்தான். குதிரை மாதிரி நின்றபடியே தூங்கினான். கால் மட்டும் ஓயவில்லை, தூக்கத்திலும் நின்ற இடத்திலேயே நடந்தான். அந்தத் தட்டல் ஓசையைப் பத்திரிகைக்காரர்கள் மழைச் சத்தம் என்று பாராட்டி எழுதினார்கள். நாளாக ஆக அந்த அரங்கில் யாராலும் உட்கார முடியாமல் போயிற்று. நடிகர்கள் முறை வருமுன்பே மேடைக்குள் நுழைந்தார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

கயிறு பிடித்தபோது மனைவி இலியானா கர்ப்பமாக இருந்தாள். பிறந்த நீனாவை ஞாயிறுதோறும் ஏணியில் தூக்கி வந்து காட்டினாள். அந்த நீனா, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அப்பாதான் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இலியானா ரயிலேறி ஒஹாயோ போய், பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த விவியனைப் பிடித்தாள்.

“அந்த டைரக்டர் என்கிட்ட மன்னிப்பு கேக்கட்டும், வர்றேன்.”

“அவன் செத்து மண்ணாப் போயிட்டான். என் புருஷன் இன்னும் நின்னுக்கிட்டிருக்கான். உனக்கு ரோஷம் பெருசா?”

விவியன் பேருந்துச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

புதன்கிழமை மதியக் காட்சி. மேடையில் ஒரு நீதிமன்ற நகைச்சுவை நடந்துகொண்டிருந்தது. விவியன் ஹெட்செட்டை மாட்டினாள்.

“டாம், தயாரா?”

“தயாராத்தான் இருக்கேன் மேடம். அதுதானே வினையே.”

“ரத்துன்னு சொல்லிடும்மா,” என்றான் முர்தா.

“இத்தனை வருஷம் நின்னவனுக்கு ரத்தா?” என்றாள் விவியன். “நிலா, இறக்கு.”

குப்பைக்குப் போன நிலா, கீறல் இல்லாமல், நீதிபதியின் தலைக்கு மேல் வந்து நின்றது. நீதிபதி அண்ணாந்து பார்த்துவிட்டு வழக்கை ஒத்திவைத்தார். சபை மொத்தமும் உட்கார்ந்தது. டாம் கயிற்றை விட்டு ஏணியில் இறங்கினான்.

திங்கட்கிழமை காலை நீனாவின் கையைப் பிடிக்குமுன் அவன் கேட்டான்:

“கையை விடணும்னா சொல்லுவல்ல?”

“சொல்றேன்பா.”

பள்ளி வாசலில் அவள் “இறக்கு” என்றாள். கை விட்டது. அவள் உள்ளே ஓடினாள். நிலா இன்றும் அந்த அரங்கில் எல்லா நாடகத்திலும் இறங்குகிறது. புதிதாக எழுதுகிறவர்கள் அதற்கு இடம் விட்டே எழுதுகிறார்கள்.