கணக்கில் ஒரு பிள்ளை

சிறைக் காவலர் பயிற்சியில் ஓட்டமும் கவாத்தும் பூமயிலுக்குக் கஷ்டமாக இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்தில் மிளகாய் மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு. லத்தி பிடிப்பது, விலங்கு மாட்டுவது, தூக்கில் தொங்குகிறவரைக் கண்டால் முதலில் காலைத் தாங்கிக்கொண்டு பிறகு முடிச்சை அறுப்பது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றாள். வகுப்புகள் முடிந்ததும் களப் பயிற்சிக்காகக் கடலோர ஊர் ஒன்றின் பெண்கள் கிளைச் சிறைக்கு அவளை அனுப்பினார்கள். அங்கேதான் கணக்கு பிசகியது.

காலையில் திறக்கும்போதும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும், சாயங்காலம் அடைக்கும்போதும் கைதிகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து எண்ண வேண்டும். முதல் நாள் மதியம் பூமயில் எண்ணியதில் ஒன்று கூடுதலாக வந்தது.

தலைமைக் காவலர் உமையாள் முறைத்தாள். "குறைஞ்சா எவளோ ஓடிப்போயிட்டான்னு தேடலாம். கூடுனா எங்கிட்டுத்தா போயித் தேடுறது? மறுபடி எண்ணு."

மறுபடியும் கூடியது. உமையாள் கடைசி வரிசையைக் காட்டினாள். அங்கே ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். வரிசைக்கு இரண்டு என்ற வேகத்தில் பூமயில் அதையும் இரண்டாக எண்ணியிருந்தாள்.

"சேலையப் பாத்து எண்ணாத. மூச்சப் பாத்து எண்ணு" என்றாள் உமையாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவ குணபூஷணி. இலங்கையில மன்னாரு. படகுல வந்த கேசு. கூட வந்த புள்ளைய மணல்திட்டுல கடலு கொண்டுட்டுப் போயிருச்சு. சோத்துல பாதியத் தொடமாட்டா, ஒறங்கமாட்டா. கண்ணு அவ மேலயே இருக்கட்டும். இன்னொண்ணு, கைதிகிட்ட சொந்தக் கதை பேசப்படாது. அவங்க கதையையும் கேக்கப்படாது."

கண் அவள் மேலேயே இருந்தது. அதுதான் வினையாயிற்று. குணபூஷணி தட்டில் சோற்றை நடுவில் கோடு கிழித்துப் பிரிப்பாள். குழாயடியில் இரண்டு முறை கை கழுவுவாள். வெயில் ஏறினால் பக்கத்துக் காலி இடத்தின் மேல் முந்தானையை விரித்துப் பிடிப்பாள். மற்றக் கைதிகள்கூட அந்த இடத்தைத் தாண்டிப் போகும்போது சற்று ஒதுங்கியே போனார்கள்.

சில நாளில் பூமயிலும் ஒதுங்கினாள். பிறகு ஒரு மதியம், மூச்சைப் பார்த்துத்தான் எண்ணினாள், ஆனாலும் ஒன்று கூடியது. கடைசி வரிசையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரெட்டைச் சடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூமயில் கண்ணைக் கசக்கினாள். வெறும் சிமெண்டுத் தரை.

யாரிடமும் சொல்லவில்லை. மனநிலை சரியில்லை என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும்.

குணபூஷணியின் உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது. டாக்டர் வந்து மாத்திரை கொடுத்தார். அதிலும் பாதியை ஒடித்து வைத்தாள். ஒரு நாள் மதியம் மற்றவர்கள் துணி துவைக்கப் போயிருந்தபோது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பூமயிலைக் கூப்பிட்டாள்.

"மிஸ், நீங்க எண்ணேக்க ஒண்டு கூடுதுதானே?"

பூமயில் குழாயடிப் பக்கமிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

"படகு ஓட்டிக்காரன் இதுதான் இந்தியா, இறங்குங்கோ எண்டு விட்டிட்டுப் போயிட்டான். சுத்திவர தண்ணி. அது ஏற ஏற நாங்கள் நடுவுக்குப் போனம். பை மிதந்தது மிஸ். பையைப் பிடிக்க ஒருக்காக் கையை விட்டன்." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "தர்சனா. ரெண்டாம் வகுப்பு. சொல்லுங்கோ, நீங்க அவளைக் கண்டனீங்கள்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கம்பியைப் பிடித்திருந்த மணிக்கட்டில் எலும்பு துருத்தித் தெரிந்தது. இன்னும் இரண்டு வாரம் தாங்குவாளா என்று பூமயிலுக்குத் தோன்றியது.

"பார்த்தேன்" என்றாள். "உங்க பக்கத்துலதான் இருக்கு."

குணபூஷணி வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, "அப்ப நீங்க பாத்துக்கொள்ளுங்கோ. திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு. நான் கொஞ்சம் படுக்கிறன்" என்று பூமயிலின் இடுப்புச் சாவிக்கொத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு, சுவரோரம் போய்ச் சுருண்டாள். அடைப்பு மணி அடித்தபோதும் எழவில்லை. பூமயில் பதறிப்போய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். சூடான, சீரான மூச்சு.

மறுநாளிலிருந்து குணபூஷணி தட்டை முழுதாகக் காலி செய்தாள். வரிசையில் பக்கத்துப் பெண்ணோடு ஒட்டி உட்கார்ந்தாள். "என்ன மந்திரம் போட்ட?" என்று உமையாள் ஆச்சரியப்பட்டாள். கொஞ்ச நாளில் கோர்ட் உத்தரவு வந்து, அவளை மண்டபம் அகதிகள் முகாமுக்கு அனுப்பினார்கள். வாசல் கதவருகே குணபூஷணி திரும்பி, "மிஸ், அவளுக்கு இருட்டெண்டா பயம். லைட்டை நூக்காதேங்கோ" என்றாள். பக்கத்தில் யாரையும் தேடாமல் தனியாக நடந்து வண்டியில் ஏறினாள்.

அன்றிலிருந்து பூமயிலால் அறையில் விளக்கை அணைக்க முடியவில்லை. கூடத் தங்கியிருந்த பெண் சண்டை போட்டுவிட்டு வேறு அறைக்குப் போனாள். குளித்துவிட்டு வந்தால் அவளுக்கு முன்பே தரையில் ஈரம் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஈரச் சடையும் மஞ்சள் கவுனும் எப்போதும் கண்ணின் ஓரத்தில் நின்றன. பாராட்டி ஏதாவது பேசலாமென்று உமையாள் வந்தபோதும், "தலை வலிக்குதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நிறைவு அணிவகுப்பு முடிந்து கிடைத்த லீவில் அவள் ஊருக்குப் போகவில்லை. மண்டபத்துக்குப் பஸ் ஏறினாள்.

முகாமில் குணபூஷணி அவளைப் பார்த்ததும் அதிர்ச்சி அடையவில்லை. பாய் போட்டு உட்காரவைத்தாள். முகம் தேறியிருந்தது. றால் உரிக்கும் வேலைக்குப் போகிறாளாம், விரல்களெல்லாம் வெட்டுக் காயம். ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய தர்சனாவின் படம் என்று போனை நீட்டினாள். வெள்ளைப் பள்ளிச் சட்டை. காதோடு கத்தரித்த முடி. முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு.

பூமயில் இந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

"அக்கா" என்றாள். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நான் பாத்தது இவ இல்ல. அது யாருன்னே எனக்குத் தெரியல."

"பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை" என்றாள் குணபூஷணி. "இல்லாதவளை ஆர் காணுறது? ஆனா நீங்க ஓமெண்டு சொன்னீங்கள். ஆராவது ஒருத்தர் பொறுப்பெடுத்தால் கொஞ்சம் கண்ணயரலாம் எண்டு இருந்திச்சு. பாரத்தை உங்களிட்ட இறக்கி வைச்சிட்டு வந்திட்டன். பிழைதான்." போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இனி நான் பாத்துக்கொள்ளுறன். என்ர பிள்ளை."

பூமயில் அழுதாள். பயத்தினால் அல்ல, பல் விழுந்த அந்தச் சிரிப்புக்காக அழுதாள்.

தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டு முகாம் பிள்ளைகள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். குணபூஷணி பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றாள். பூமயிலும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொரு வீடாகப் பிரிந்து உள்ளே போனார்கள். கடைசியாக ஒரு பையன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். அப்புறம் தெருவில் யாரும் இல்லை. கடல் காற்று மட்டும் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

குணபூஷணி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

"வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி பொங்குது" என்றாள்.