செல்லம்மா வீட்டு வானிலை

மோகனப்ரியா மூணாறில் அறை எடுத்துத் தங்கிய மூன்றாம் நாள் காலை, எண்ணூர்க் குப்பத்தின் நான்காவது தெருவில் அவளுடைய அம்மா செல்லம்மாவின் வீட்டின்மேல் மட்டும் பனிமூட்டம் இறங்கியது. இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பிப்ரவரி மாதம். காசிமேட்டு மீன் ஏலத்தில் அன்று வஞ்சிரம் கிலோ எழுநூற்றைம்பதுக்குப் போனது. வாசல் தெளிக்க வந்த பக்கத்து வீட்டு லூர்துதான் முதலில் பார்த்தாள். "அக்கோவ், இன்னா வூட்ல பொகையுது? கேஸ மூடுனியா இல்லியா?" என்று கத்தினாள். செல்லம்மா போர்வையோடு தலையை வெளியே நீட்டி, "பொகை இல்லடி, குளுருது" என்றாள். இருவரும் மதில்மேல் கை நீட்டிப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் எண்ணூரின் புழுக்கம், அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஈரம். பத்தரை மணிக்குப் பனி விலகியது. அதே நேரத்தில் மோகனப்ரியா போன் செய்து, இங்கே இப்போதுதான் பனி விலகியது, பார்க்க அவ்வளவு அழகு என்றாள். "தெரியும், நீ மொதல்ல ஸ்வெட்டரப் போடு" என்று சொல்லிவிட்டு செல்லம்மா மீன் அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு, விற்பனைக்குக் கல்மண்டபம் போகும் ஷேர் ஆட்டோ ஏறப் போனாள்.

மோகனப்ரியா எழுத்து வேலை செய்தாள். எந்த ஆபீசிலும் இல்லை. விடுதிகளின் அறை வர்ணனை, மிக்ஸியோடு வரும் குறிப்புப் புத்தகம், பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் பாடம், நகைக்கடைக்காரர் தன் தாத்தாவைப் பற்றி வலைதளத்தில் போட்டுக்கொள்ளும் இரண்டு பத்தி, எது வந்தாலும் எழுதினாள். அதற்கு முன் ஆறு வருடம் நுங்கம்பாக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். ஊரடங்கு வந்தபோது இந்த வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்று தெரிந்துகொண்டாள். ஊரடங்கு முடிந்ததும் ஒரு பை, ஒரு மடிக்கணினி, இரண்டு சார்ஜர், ஒரு பாட்டில் கருவாட்டுப் பொடியுடன் கிளம்பிவிட்டாள். மாதம் ஓர் ஊர். வயசுப் பெண் ஊர் ஊராகத் திரிவதைப் பற்றித் தெருவில் பேச்சு எழுந்தபோது அவளுடைய அப்பா திருமலை ஒரே பேச்சில் முடித்தார். அவர் விசைப்படகு டிரைவர், பதினான்கு நாள் கடல், மூன்று நாள் கரை. "போட்டு ஓட்றவன் பொண்ணு கரையில குந்திகினு கீறாளேன்னு என்னிக்காவது கேட்டீங்களா? அப்ப சொம்மா இருங்க."

வீட்டின் வானிலை மகள் இருக்கும் ஊரின் வானிலைதான் என்பது நான்கு மாதத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஹம்பியில் இருந்தபோது மாடித் தளம் காலைச் சுட்டது. ஜூனில் சிரபுஞ்சிக்குப் போனாள். இருபத்திரண்டு நாள், செல்லம்மா வீட்டின்மேல் மட்டும் மழை. தெரு முழுக்க லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த காலம் அது. பச்சை, நீலம், சிவப்பு என்று நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் குடங்கள் அந்த வீட்டின் தாழ்வாரத்துக்குக் கீழே வரிசையில் நின்றன. வரிசையில் சண்டையும் நடந்தது. ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு மழை பெய்கிற வீட்டில் மழைநீர் சேகரிப்புத் தொட்டி இல்லையே என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கோரிக்கைகள் தொடங்கின. கல்யாணம் வைத்திருப்பவர்கள் மழையில்லாத ஊருக்குப் போகச் சொன்னார்கள். கர்ப்பிணி மருமகள் உள்ளவர்கள் வெயில் தணியும்வரை ஊட்டிப் பக்கம் கேட்டார்கள், மத்தியானம் செல்லம்மா வீட்டில் படுத்துக்கொள்ள. "பாப்பா, உனுக்கு எங்க குந்துனாலும் ஒண்ணுதான டைப் அடிக்க? எங்குளுக்குத்தான் பேஜாரு" என்று லூர்து குரல் பதிவு அனுப்பினாள். எழுதித் தரவேண்டிய தேதிகளையும் எந்த ஊரில் நெட்வொர்க் வரும் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்த மோகனப்ரியா, தெருவின் தேவைகளுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டுக்கொண்டாள்.

அந்த வருடம் செப்டம்பரில் அவள் கோத்தகிரிக்குப் போனாள். அன்று செல்லம்மா நான்கு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாகப் படுத்துத் தூங்கினாள். அதுவரை மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூக்கம்; மூணாறின் பனியும் சிரபுஞ்சியின் ஈரமும் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை. வடக்கிலிருந்து காற்று அடித்தால் துணியிலும் சோற்றிலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும் ஊரில் ஐம்பத்தெட்டு வருடம் மூச்சு விட்டவள். நெஞ்சுப் படத்தைப் பார்த்த மருத்துவர், நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது, நல்ல காற்று உள்ள ஊருக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தார். செல்லம்மா அதைச் சிரிப்பாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது நல்ல காற்று அவள் வீட்டுக்கே வந்துவிட்டது. டிசம்பருக்குள் மூன்று தலையணையும் ஒன்றாயின. கன்னத்தில் சதை பிடித்தது. லூர்துவோடு சண்டை போடும்போது இடையில் மூச்சு வாங்க நிறுத்தாமல் முழுச் சண்டையையும் போட்டாள்.

பொங்கலுக்கு மோகனப்ரியா வீட்டுக்கு வந்தாள். அவள் எண்ணூரில் இருந்ததால் வீட்டுக்கும் எண்ணூரின் காற்றே வந்தது. மூன்றாம் நாள் விடியலில் செல்லம்மா எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். உதடு நீலமானது. மோகனப்ரியா யாரும் சொல்லாமலே பையை எடுத்தாள். அவள் கோத்தகிரி போய்ச் சேர்ந்த மறுநாள் அம்மாவுக்கு மூச்சு சீரானது. மகள் அருகில் இருந்தால் அம்மா பிழைக்கமாட்டாள், தூரத்தில் இருந்தால் பிழைப்பாள் என்று அந்த வீட்டில் மூவருக்கும் அன்று தெரிந்தது.

அம்மாவையே மலைக்குக் கூட்டிப் போகவும் பார்த்தார்கள். செல்லம்மா ஒன்பது நாள் கோத்தகிரியில் இருந்தாள். பத்தாம் நாள் தனியாக பஸ் பிடித்துத் திரும்பிவிட்டாள். "மீனு கெடையாது, பேச ஆளு கெடையாது, ஏசவும் ஆளு கெடையாது. மூச்சு மட்டும் வாங்கிகினு இன்னா பண்றது?" என்றாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த ஒன்பது நாளும் வீட்டில் தனியாகக் குளிரில் கிடந்த திருமலைக்குச் சளி பிடித்திருந்தது.

ஆகவே மோகனப்ரியா காற்றைப் பார்த்து ஊர் மாறினாள். நல்ல காற்று உள்ள ஊர்களில் நெட்வொர்க் வரவில்லை, நெட்வொர்க் வரும் ஊர்களில் காற்று நன்றாக இல்லை. இரண்டும் சேர்ந்த ஊர் தேடி வருடத்தில் ஏழு இடம் மாறினாள். ஒரு நிறுவனம் வீட்டுக்குள் காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்துக்கு விளம்பரம் எழுதச் சொன்னது. பன்னிரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். சுத்தமான காற்று என்பதை இன்னும் உணர்ந்து எழுதுங்கள் என்று பன்னிரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த வருடம் நவம்பரில் நெத்திலி கொட்டோ கொட்டென்று கொட்டியது. எல்லாப் படகிலும் நெத்திலி, எல்லா வாசலிலும் நெத்திலி, மேலே விடாத மழை. காயப்போட இடமில்லை. உப்புப் போட்ட மீனைத் தொட்டிகளில் வைத்துக்கொண்டு பெண்கள் வானத்தைத் திட்டினார்கள். தெருவில் யாரும் செல்லம்மாவிடம் கேட்கவில்லை. அவளே போனை எடுத்தாள். மீன் நாறிப்போவதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது அவளால் ஆகாத காரியம். "ஏய் மோகனா, ஒரு வாரம் பாலைவனத்தாண்ட போய்க் குந்துடி. ஊரே அழுவுது." அம்மாவின் மூச்சு என்னாகும் என்று மோகனப்ரியா கேட்டாள். "எனுக்கு இன்னா, குதிர மாதிரி கீறேன்" என்றாள் செல்லம்மா, போனைத் தள்ளிப் பிடித்து இருமிவிட்டு. மோகனப்ரியா ஜெய்சல்மேர் போனாள். ஊரெல்லாம் மழை பெய்ய, செல்லம்மா வீட்டு மாடியிலும் கூடத்திலும் சமையலறையிலும் படிக்கட்டிலும் நான்காவது தெருவின் மொத்த நெத்திலியும் இரண்டு நாளில் சுக்காகக் காய்ந்தது. மூன்றாம் நாள் அங்கே மணல் புயல். வீட்டுக்குள் வந்து கொட்டிய மணலுக்கு நடுவே, கருவாட்டுக்கு மேல் தார்ப்பாய் இழுத்தபடி விழுந்து கிடந்த செல்லம்மாவை லூர்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒரு மீனும் வீணாகவில்லை.

மோகனப்ரியா விமானம் பிடித்து வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். திருமலை மருத்துவரிடம் கெஞ்சி இன்னும் ஒரு நாள் கேட்டார். அந்த ஒரு நாளில் மோகனப்ரியா சென்ட்ரலில் ரயில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ்ஸில் மலை ஏறி, கோத்தகிரியில் தன் அறைக் கதவைத் திறந்து, "நைனா, வந்துட்டேன். இப்ப இட்டுனு போ" என்று போன் செய்தாள். அதற்குப் பிறகுதான் செல்லம்மாவை ஆட்டோவில் ஏற்றினார்கள். வீடு குளிர்ந்திருந்தது. யூகலிப்டஸ் வாசம் அடித்தது.

பதிமூன்று மாதத்தில் ஒரு வாரம் தவிர மோகனப்ரியா அந்த மலையைவிட்டு இறங்கவில்லை. அறையில் போன் பேச மட்டும் முடியும், நெட் வராது. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சில் மட்டும் வரும். மழைக்காலத்தில் அதுவும் வராது. கூப்பிட்ட நேரத்துக்குத் திரையில் முகம் காட்டவில்லை என்று ஒருவர் பின் ஒருவராக வேலை கொடுப்பவர்கள் விலகினார்கள். கோயம்புத்தூரிலாவது வந்து இருக்கக் கூடாதா என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். ஒரு வாரம் இருந்து பார்த்தாள். அம்மா இருமினாள். திரும்பிவிட்டாள். டீக்கடைக்காரர் அவளுக்குப் பெஞ்சில் நிரந்தர இடம் கொடுத்து, தன் கடையின் பெயர்ப் பலகைக்கு நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டார். கடைசியில் கையில் இருந்த வேலை அது ஒன்றுதான். லூர்து இதை எப்படியோ மோப்பம் பிடித்து செல்லம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

செல்லம்மா அன்று முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "கெளம்பி வா" என்றாள். வந்தால் என்ன ஆகும் என்று தெரியாதா என்றாள் மகள். "தெரியும். நீ வராட்டியும் இன்னா ஆவுதுன்னு தெரியும். உன் காத்து வருது, பனி வருது, மழ வருது. நீ வர்ல. உன் காத்த வச்சினு நான் இன்னாடி பண்ண, கொழம்பா வெக்க முடியும்?" அதோடும் செல்லம்மா விடவில்லை. "நீ வர்லன்னா நான் வெளிய போயி ரோட்ல குந்திக்குவேன். அங்க எண்ணூர் காத்துதான். பாத்துக்கோ." செல்லம்மா சொன்னால் செய்பவள். போனில் லாரி ஹாரன் கேட்டது. ஏற்கெனவே ரோட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மோகனப்ரியா வந்தாள். பதினேழு நாள் அம்மாவோடு இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர், அதற்குப் பக்கத்தில் ஸ்டூலில் மடிக்கணினி. பழைய ஆட்களில் ஒருவர் ஒரு விடுதிக்கு எழுதும் வேலை கொடுத்திருந்தார். அவள் எழுதுவதை செல்லம்மா ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். விசாலமான அறை என்று படித்தால், எத்தனைக்கு எத்தனை என்று கேட்டாள். கடல் பார்த்த ஜன்னல் என்றால், "மீன் வாட அடிக்கும்னு எழுது. அப்பால வந்து கம்ப்ளெய்ன் பண்ணுவான்" என்றாள். அந்த வேலை முடியவேயில்லை. திருமலை போட்டுக்குப் போகவில்லை. மத்தி பொரித்து முள் எடுத்து ஊட்டினார். முள் எடுக்கத் தெரியவில்லை என்று ஏச்சு வாங்கினார். பதினெட்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி, அவள் டைப் அடிப்பதற்கு இடைஞ்சலாகவே செல்லம்மா போய்விட்டாள்.

தான் வந்ததால்தான் போனாள் என்று மோகனப்ரியா நினைத்தாள். அதிலிருந்து சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தபோது வீட்டின் காற்று மாறியிருந்தது. அவள் எண்ணூரில் இருந்தாள், வீட்டில் எண்ணூர் இல்லை. வெயில் இருந்தது, சுடவில்லை. கிழக்கிலிருந்து ஒரு காற்று நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் விரல் வைத்துத் தேய்த்தால் சாம்பல் ஒட்டவில்லை. நாற்பது வருடம் கடலில் இருந்த திருமலை மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, இது தனக்குத் தெரிந்த எந்தக் கரையின் காற்றும் இல்லை என்றார். மோகனப்ரியா தான் தங்கிய அத்தனை ஊரின் வானிலையையும் போனில் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. லூர்து உள்ளே வந்து சிறிது நேரம் நின்றாள். "அக்கா கீற எடம் போல. நல்ல எடமாத்தான் கீது" என்றாள். பிறகு ஆழமாக மூச்சு இழுத்து, "பாப்பா, அங்க அக்கா பேஷா மூச்சு விடலாம்" என்றாள். மோகனப்ரியா அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

ஜூன் மாதம் அவளுக்கு மறுபடி வேலை வந்தது. இமயமலையில் ஸ்பிதி பக்கம் ஒரு விடுதிக்கு ஒரு மாதம் தங்கி எழுதவேண்டும். நைனா தனியாக இருப்பாரே என்று தயங்கினாள். திருமலைதான் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அவள் போய்ச் சேர்ந்த மறுநாள், வீட்டின் முன்கூடத்தில் ஸ்பிதியின் குளிர் இறங்கியது. சமையலறையில் அந்தப் பெயர் தெரியாத ஊரின் காற்று அப்படியே இருந்தது. இரண்டும் கலக்கவில்லை. திருமலை கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்து பார்த்தார். பிறகு கட்டிலை இழுத்துப் போய் இரண்டுக்கும் நடுவில், கதவு நிலையில் போட்டுக்கொண்டார். தலை சமையலறைப் பக்கம், கால் கூடத்துப் பக்கம். காலுக்கு மட்டும் ஒரு போர்வை வேண்டியிருந்தது.