நாலாவது மேடையில் முடியாத பாட்டு

2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, திருப்பூர் வீரபாண்டி மைதானத்தில், பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் ராஜபாண்டி என்கிற அயர்ன் மாஸ்டர் பாடத் தொடங்கிய பாட்டு மூன்று ஆண்டு ஏழு மாதம் மூன்று நாள் நடந்தது. அதைக் கேட்க வந்த முந்நூற்று நாற்பத்தொரு பேரில் உயிரோடிருந்த எல்லோரும் அதுவரை அங்கேயே இருந்தார்கள். அந்த ஆண்டு மழை சுமார். நூல் விலை கிலோவுக்கு நாலு ரூபாய் ஏறியிருந்தது.

சுதந்திர தினம் அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் ஒரு லீவு வீணாகப் போயிற்றே என்று பனியன் கம்பெனிகளில் எல்லோருக்கும் குறை இருந்தது. அந்தக் குறையை ஆற்றத்தானோ என்னவோ, முதலாளிகள் சிலர் கூடி ஓர் இசைத் திருவிழா வைத்தார்கள். ஒரே மைதானத்தில் நாலு மேடை. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஆறுக்கு முடிவது. பெயர் வாங்கிய குழுக்களுக்கு இடமில்லை, சினிமாப் பாட்டும் கூடாது, அவரவர் கட்டிய பாட்டை அவரவர் பாட வேண்டும் என்று விதி போட்டார்கள். இருபத்து மூன்று புதுக் குழுக்கள் பெயர் கொடுத்தன. ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு நிமிடம். நேரம் முடிந்தால் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் மணியடிப்பார்.

அபிராமி காலையிலேயே வந்துவிட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மண்ணரையில் பொங்கியண்ணன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைப்பவள். சாத்தூருக்குத் தெற்கே ஆவாரங்குளம் சொந்த ஊர். ராஜபாண்டி அவளுடைய அண்ணன். ஐந்து வருடத்துக்கு முன் அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரில் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அத்தை மகன் ஜெயபாண்டி, மினிபஸ் ஓட்டுகிறவன், அவளே ஆசைப்பட்டுக் கேட்டவன். ஏழு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தது. அண்ணன் பாடுவதைக் கேட்டுவிட்டு நேராக பஸ் ஏறுவது என்பது அவள் கணக்கு.

ஐந்து வருடத்தில் ஒரு முழு நாள் சும்மா நடந்து திரிந்தது அன்றைக்குத்தான். முதல் மேடையில் பல்லடத்துத் தறிக்காரர்கள் ஆறு பேர் தறி ஓடும் சத்தத்தைத் தவிலிலும் தகர டப்பாவிலும் கொண்டுவந்து, அதற்கு மேல் ஒரு காதல் பாட்டைப் பாடினார்கள். கூட்டம் தன்னை அறியாமல் தறி பார்ப்பதுபோல் தலையை இடதும் வலதுமாக ஆட்டியது. இரண்டாவது மேடையில் சாயப்பட்டறையில் வேலை செய்யும் பீகார் இளைஞர்கள். டோலக் அடித்தவனுக்கு முழங்கை வரை நீலம். பாட்டு முடிந்தபோது டோலக்கின் தோலும் நீலமாகியிருந்தது. மூன்றாவது மேடையில் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று, தாயும் நாலு மகள்களும், கோயிலில் பாடுவதுபோல் அசையாமல் நின்று, கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பாடினார்கள். அபிராமி சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ் வாங்கித் தின்றாள். ஒரு மேடைப் பாட்டு பிடிக்காவிட்டால் அடுத்த மேடைக்குப் போகலாம் என்பது அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது. கம்பெனியில் அப்படிப் போக முடியாது.

நாலாவது மேடையில் கடைசிக் குழு அண்ணனுடையது. நாலு பேரும் அயர்ன் மாஸ்டர்கள் என்பதால் குழுவுக்கு ‘நீராவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ராஜபாண்டி எழுதிய பாட்டு, ஊருக்குப் போகிற ஒருவன் பஸ்ஸில் பாடுவது. தாராபுரம் வந்தது, ஒட்டன்சத்திரம் வந்தது, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் நாலு வரி. கடைசி வரியில் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லி இறங்க வேண்டும், அதோடு பாட்டு முடியும். நன்றாகவே பாடினான். திருப்பூரில் அதற்கு முன் யாரும் அவனை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. இப்போது முந்நூற்று நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள், அதில் பலர் அழுதார்கள். சாத்தூர் வந்தது. அடுத்து ஆவாரங்குளம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் வாய் திருப்பூர் என்றது. பாட்டு முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

மூன்றாவது சுற்றில் மணியடித்தார்கள். ஏழாவது சுற்றில் மைக்கைப் பிடுங்கினார்கள், பத்தாவதில் கரண்டை நிறுத்தினார்கள். பாட்டு அதே சத்தத்தில் கேட்டது. அபிராமி ஆறு மணிக்குக் கிளம்பினாள். மேடைக்கு எல்லையாகச் சவுக்குக் கம்பு நட்டிருந்த இடம் வரை போனாள். அதற்கு மேல் நடந்தாள், ஆனால் போகவில்லை. பெல்ட் கழன்ற மிஷின்போல் கால் மட்டும் ஓடியது, நிலம் அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னும் எட்டுப் பத்துப் பேர் அதேபோல் நடந்துகொண்டிருந்தார்கள். வலி எதுவும் இல்லை. ஏழு மணிக்கு பஸ் போய்விட்டது.

விவரம் மறுநாள் தெளிவாயிற்று. பாட்டு தொடங்கியபோது மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் வெளியே போக முடியாது. அதன்பின் வந்தவர்கள் வரலாம், போகலாம். தாசில்தார் வந்து பார்த்து, சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். காது டாக்டர் ஒருவர் எல்லோர் காதிலும் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சு வைத்தவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை, ஆனாலும் நிலம் நகரவில்லை. கூட்டத்திலிருந்தவர்கள் கடைசி வரியில் ஆளுக்கு ஓர் ஊர்ப் பெயரைக் கத்திப் பார்த்தார்கள். அபிராமியும் தொண்டை கிழியக் கத்தினாள். அது பாடுகிறவன் வாயிலிருந்து வர வேண்டும் போலும், ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை பொங்கியண்ணன் வந்தார். அகப்பட்டவர்களில் முப்பத்தெட்டுப் பேர் அவருடைய ஆட்கள், மாதக் கடைசியில் ஷிப்மெண்ட். கோட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மரியாதையான மனிதர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

“ஏனுங் கண்ணு, சாப்பாடெல்லாம் வருதுங்களா?” என்று அபிராமியைக் கேட்டார்.

“வருதுங்க மொதலாளி.”

“பொழுதன்னிக்கும் என்ன பண்றீங்க?”

“சும்மாதாங்க இருக்கோம்.”

“அதுதானுங்க கஷ்டம்,” என்றார் பொங்கியண்ணன். “சும்மா இருந்தா மனசு கெட்டுப்போயிரும் பாருங்க.”

வெள்ளிக்கிழமை நாற்பது மிஷினும் ஜெனரேட்டரும் வந்தன. தகரக் கூரை போட்டார்கள். மற்ற கம்பெனிக்காரர்களும் தங்கள் ஆட்களுக்கு மிஷின் இறக்கினார்கள். அடுத்த ஜனவரியில் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா என்ற அளவுக் கட்டுப்பாடு ஒழிந்து, ஊருக்கு ஆர்டர் மழையாய்ப் பெய்தபோது, திருப்பூரிலேயே ஒரு நாளும் ஆள் குறையாத இடம் நாலாவது மேடைதான். மற்ற இடங்களில் பொங்கலுக்குப் போனவர்கள் மாசி வரை திரும்பவில்லை. பாட்டின் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம், அதற்குள் ஒரு டஜன் பீஸுக்குத் தோள் மூட்ட வேண்டும் என்று சூப்பர்வைசர் கணக்கு வைத்துக்கொண்டார், கடிகாரம் தேவைப்படவில்லை. அவிநாசிச் சாலை முதலாளிகள் மூன்று பேர் பழத்தட்டோடு வந்து, தங்கள் கம்பெனியிலும் ஒருமுறை வந்து பாடித் தர முடியுமா என்று ராஜபாண்டியைக் கேட்டார்கள். அவனால் மேடையை விட்டு இறங்க முடியாது என்று தெரிந்ததும் வருத்தத்தோடு போனார்கள்.

ராஜபாண்டி தூங்கும்போதும் பாடினான். மற்ற மூவரும் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் சாப்பிடப் பழகிவிட்டார்கள். அபிராமி மூன்று வேளையும் அண்ணனுக்கு ஊட்டினாள், ஆனால் பேசவில்லை. பேசினால் பதில் வராது என்பது அவள் மற்றவர்களுக்குச் சொன்ன காரணம்.

ஜெயபாண்டி மாதம் ஒருமுறை வந்தான். வெளியாள் என்பதால் வரவும் போகவும் தடையில்லை. அவர்கள் இருவரும் கோட்டோரமாக உட்கார்ந்து பேசுவார்கள். இரண்டாவது வருடம் ஒருநாள், கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்றான்.

“இங்கிட்டு ஒரு பனியன் கம்பெனில வண்டி ஓட்டுறேன். சாயங்காலம் ஒன்ட்ட வந்துருவேன். என்ன கொறஞ்சு போச்சு?”

“வேணாம் மச்சான்.”

“ஏன், என்னைப் புடிக்கலையா?”

“புடிச்சதுனாலதான். இதுக்குள்ள வச்சுத் தாலி கட்டிக்கிட்டா, இதுதான் நம்ம ஊருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நான் வெளிய வாரேன். வந்து கட்டிக்கிறேன்.”

அவன் நியாயமானவன். இன்னும் ஒரு வருடம் வந்தான். பிறகு அவன் அம்மா படுக்கையில் விழுந்தாள், வீட்டுக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. 2007 ஆவணியில் கழுகுமலைப் பக்கம் பெண் எடுத்தான். பத்திரிகையைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அன்று தைத்த பீஸ்களில் ஒன்றுகூடக் கோளாறு என்று திரும்பி வரவில்லை என்று செக்கிங் புத்தகத்தில் இருக்கிறது.

இதற்குள் கோட்டுக்கு உள்ளே டீக்கடை, முருகன் கோயில், சின்னதாக ஒரு மாதா கெபி, சுமார் அறுபது வீடு வந்துவிட்டன. ரேஷன் கார்டில் ‘நாலாவது மேடை, வீரபாண்டி’ என்று விலாசம் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பது கல்யாணம் நடந்தது. இரண்டு சாவு. இறந்தவர்களைக் கோட்டைத் தாண்டித் தூக்கிப் போக முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அன்று கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டவில்லை.

2008 மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு அபிராமி இட்லித் தட்டோடு மேடையேறினாள். ஊட்டி முடித்த பிறகும் இறங்காமல் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

“அண்ணே, ஒனக்கு ஊர் பேரு மறக்கல. மொத நாளே எனக்குத் தெரியும்,” என்றாள்.

பாட்டில் சாத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவில் மூச்செடுக்க ஓர் இடைவெளி உண்டு. அதில் இரண்டு வார்த்தை சொல்லலாம். மூன்றரை ஆண்டில் ராஜபாண்டி அதில் தண்ணீர் கேட்டிருக்கிறான், சட்டை மாற்றக் கேட்டிருக்கிறான். அந்தச் சுற்றின் இடைவெளியில், “பயமா இருக்கு” என்றான்.

“என்ன பயம்?”

ஐந்து நிமிடம் காத்திருந்தாள். தாராபுரமும் திண்டுக்கல்லும் போயின. “முடிச்சா அயர்ன்பாக்ஸ்தான்” என்றான். அடுத்த சுற்றில், “யாரு பாப்பாக” என்றான். அதற்கடுத்த சுற்றில் மூச்சு மட்டும் வாங்கினான். இப்படியே பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் இரண்டு முறை கீழே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

“மச்சானுக்குக் கல்யாணமாகி ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு,” என்றாள் அபிராமி.

மேடையில் நின்றவனுக்கு அது யாரும் சொல்லாத செய்தி. பாடிக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். மதுரை வரியில் குரல் பிசிறியது. அதுவரை ஒருமுறையும் பிசிறியதில்லை.

“எனக்காக நிறுத்தச் சொல்லல. எனக்கு இனிமே ஊர்ல ஒண்ணும் காத்துக் கெடக்கல. நான் ஒரு நாளு பாட்டுக் கேக்க வந்தவ, அண்ணே. பன்னெண்டு நிமிசம் ஒன்னப் பாத்துட்டு பஸ் ஏறணும்னு வந்தேன். ஒங்கிட்ட அதச் சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். விருதுநகர் வந்தது. சாத்தூர் வந்தது. இடைவெளியில் ராஜபாண்டி மூச்செடுத்தான். அது முடிந்ததும், மேடையில் பாடுகிறவன்போல இல்லாமல், கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறவனுடைய குரலில், “ஆவாரங்குளம்” என்றான். டிரம்ஸ்காரன் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தான். மணி பத்து ஐம்பது.

இருநூறு மிஷின் ஓடும் சத்தம் முதல்முறையாகத் தனியாகக் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை. லாட் முடிய இன்னும் நானூறு பீஸ் இருந்தது. சூப்பர்வைசர் மட்டும் கரண்ட் போய்விட்டதோ என்று மின்விசிறியைப் பார்த்தார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு பெல் அடித்த பிறகு இருபது முப்பது பேர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, தார் ரோடு வரை போய் நின்று பார்த்தார்கள். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தார்கள். மறு வாரம் தையல் கோணுகிறது என்று புகார் வந்ததால் கம்பெனியில் ஒரு ரேடியோ வாங்கி வைத்தார்கள். ராஜபாண்டிக்கு அயர்ன் மேஜையில் இடம் கொடுத்தார்கள். அவன் வாயைத் திறப்பதில்லை. முந்நூற்று நாற்பத்தொரு பேரில் இன்றைக்கும் இருநூற்றுப் பத்துப் பேர் நாலாவது மேடையில்தான் குடியிருக்கிறார்கள்.

அபிராமி சாப்பாட்டு பெல்லுக்குக் காத்திருக்கவில்லை. கோட்டுக்கு அருகில் பொங்கியண்ணன் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங் கண்ணு, லீவுங்களா? சொல்லிப்போட்டுப் போகக் கூடாதுங்களா?”

“லீவு இல்லீங்க மொதலாளி,” என்றாள்.

காலைத் தூக்கி வைத்தாள். நிலம் நகர்ந்தது. பழைய பஸ் நிலையம் வரை நடந்தே போனாள். மதுரை வண்டி புறப்படத் தயாராக நின்றது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று கண்டக்டர் கூவத் தொடங்கியதும் அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் தள்ளிப் போனாள். எதிர் வரிசையில் நின்ற டவுன் பஸ்ஸில் ஏறி, இது எங்கே போகிறது என்று கேட்டாள். மங்கலம், சாமளாபுரம், சோமனூர் என்றார் கண்டக்டர். அவள் ஒவ்வொரு பெயரையும் கவனமாகக் கேட்டாள். ஒன்றுமே தெரிந்த பெயராக இல்லை.

“கடைசி ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க,” என்றாள். பஸ் கிளம்பியது.