நெருங்கிய சொந்தம் ஒருவர்

வீட்டுத் தொலைபேசி அடித்தபோது அன்ரனெற் நல்ல உறக்கத்தில் இருந்தாள். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் அவளுக்கு விடியப்புற வேலை. வீட்டுக்கு வந்தால் பின்னேரம்வரை நித்திரைதான். அன்றைக்கு அவள் இருந்த வோபர்ன் பகுதி முழுவதும் பனிப்புகார் மூடிக் கிடந்தது. பதினான்காம் மாடி யன்னலுக்கு வெளியே ரோட்டும் இல்லை, எதிர்க் கட்டடமும் இல்லை. வீடு தனியே எங்கோ மிதந்துகொண்டிருந்தது.

அந்த நம்பருக்கு இப்போது எவரும் எடுப்பதில்லை, ஏதாவது விற்கிறவர்களைத் தவிர. சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த காலத்து நம்பர் அது. ஊரில், பேசாலையில் இருந்த அக்கா கிளடிசுக்கு மனப்பாடமாயிருந்தது அது ஒன்றுதான் என்பதால், வீடு மாறியபோதும் விடாமல் கூடவே கொண்டுவந்திருந்தாள். கிளடிசின் புருசன் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். அவருடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு பதில் கேட்டு ரோட்டோரப் போராட்டக் கொட்டிலில் குந்தியிருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. "இனி எடுக்காதை பிள்ளை. நீ எடுத்தா புலனாய்வுக்காரர் அடுத்த நாளே வந்து நிக்கிறாங்கள்," என்று ஒருநாள் சொல்லிவிட்டு வைத்தாள். பத்துப் பதினொரு வருசம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இவள் எடுக்கவில்லை.

ரிசீவரைக் காதில் வைத்தாள். தூரத்தில் ஓர் ஆண்குரல் இங்கிலிஷில் முணுமுணுத்தது. அதற்கு மேலால் ஒரு பெண்குரல் தமிழில் எழும்பி வந்தது.

"நான் போர்ட் ஈரி, கனடா எல்லையில இருந்து கதைக்கிற அதிகாரி. ஷரோன் எண்டு ஒரு பிள்ளை இஞ்ச நிக்கிறா. நீங்கள் தன்ர சின்னம்மா எண்டு சொல்லுறா."

ஆண் பேசுகிறான், பெண் 'நான்' என்கிறாள். இன்னும் கனவுதான் என்று நினைத்தாள் அன்ரனெற். மொழிபெயர்ப்பவர் அதிகாரியின் வாயாகவே நின்று பேசவேண்டும் என்பது கொஞ்சம் பிந்தித்தான் அவளுக்கு உறைத்தது. ஷரோன். ஞானஸ்நானப் படத்தில் வெள்ளைச் சட்டைக்குள் முகம் சுருங்கிக் கிடந்த குழந்தை. அதற்குப் பிறகு வந்த படம் ஒன்றும் இல்லை.

"அமெரிக்காவுக்குள்ளால தரைவழியா வாறவை அகதி எண்டு கேக்கிறதெண்டால் அங்கதான் கேக்கவேணும். நாங்கள் திருப்பித்தான் அனுப்புவம். இஞ்ச நெருங்கின சொந்தம் ஒராள் இருந்தால்தான் உள்ள எடுக்கலாம். சின்னம்மாவும் அதுக்குள்ள அடங்கும். ஆனால் சொந்தம்தான் எண்டு எனக்கு நம்பிக்கை வரவேணும். அவா எப்ப பிறந்தவா?"

"மாரியில. நாள் ஞாபகமில்லை."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"தெரியாது."

தன் குரல் தனக்கே பொய் சொல்கிறவளின் குரல்போலக் கேட்டது.

"உங்கட அக்கா இப்ப எங்க?"

"பேசாலையில. வீட்டிலதான்."

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம் நின்றது. அதிகாரி ஏதோ சுருக்கமாகச் சொன்னார்.

"ஷரோன் சொன்னா..." மொழிபெயர்ப்புக்காரியின் குரல் இடறியது. "தாய் போன தவக்காலத்தில காலமாயிட்டா எண்டு."

அன்ரனெற் எழும்பி யன்னலடிக்குப் போய் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். குளிர்ந்தது. அப்போ, முழிப்புத்தான்.

"கொஞ்சம் பொறுத்து எடுக்கட்டோ எண்டு கேக்கிறார்," என்றாள் மொழிபெயர்ப்புக்காரி. 'நான்' என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"வேண்டாம். வைச்சிடாதேங்கோ. கேளுங்கோ."

அதிகாரி கடதாசிகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சின்ன வயசில நீங்களும் அக்காவும் எப்பிடிப் படுக்கிறனீங்கள்?"

இதை யார் கேட்பார்கள்? அவள் கண்ணை மூடினாள்.

"எனக்கு நித்திரையில நடக்கிற பழக்கம் இருந்தது. ஒருக்கா கடலுக்க இடுப்பளவு தண்ணியில நிண்டனான். அக்காதான் இழுத்து வந்தவா. அதுக்குப் பிறகு தன்ர தலைமயிர் ரிபனால என்ர காலையும் தன்ர காலையும் சேர்த்துக் கட்டிப்போட்டுத்தான் படுப்பா. நான் எழும்பினால் அவாவும் எழும்பவேணும்." கொஞ்சம் நின்று, ஒருவரும் கேட்காமலே சொன்னாள். "நான் இஞ்ச வெளிக்கிட முதல் நாளும் கட்டினவா. கலியாணம் கட்டின மனுசி, வெக்கமில்லாமல். விடிய நான் அவா எழும்பாமல் அவிட்டுப்போட்டு வந்திட்டன்."

மொழிபெயர்ப்புக்காரி இதை இங்கிலிஷில் மெதுவாகச் சொல்லி முடித்தாள். இடையில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள்.

"உங்கட அக்கா எழும்பித்தான் கிடந்தவாவாம்," என்றாள் பிறகு. "கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கிடந்தவாவாம். அந்தப் பிள்ளை முதல் விசாரிக்கேக்க அப்பிடித்தான் சொன்னது."

உங்கள் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் படம் எடுத்து அனுப்புங்கள், பிள்ளையை வந்து கூட்டிப்போங்கள் என்றார் அதிகாரி.

நயாகராப் பக்கம் போகிற ரோட்டில் புகாருக்குள் கார்களின் பின்விளக்குகள் சிவப்புச் சிவப்பாய் வந்து கரைந்தன. அன்ரனெற் அழவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கப்போகிறேன் என்றே ஓட்டிக்கொண்டு போனாள். ஆனால் எல்லை அலுவலகக் கதவைத் திறந்து வந்த பெண்ணில் கிளடிசின் சாயல் மருந்துக்கும் இல்லை. நீண்ட தாடை, அடர்ந்த புருவம். முழுக்க அத்தானின் அச்சு. அவரையும் இனி ஒருவரும் காணப்போவதில்லை என்பது அப்போதுதான் அன்ரனெற்றை வந்து அடித்தது. அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாது, சின்னம்மா," என்றாள் ஷரோன் காருக்குள். "ஆரும் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன். அம்மா போன பிறகு அப்பாவின்ர படத்தை நான் கொண்டுபோய்க் கொட்டிலில இருந்தன். பிறகு என்னைத் தேடி வரத் துவங்கிட்டாங்கள்."

"ஆர் சொன்னாலென்ன? சொன்னதுதான். நீ படு."

ஷரோன் இருக்கையைச் சாய்த்தாள். ஹமில்டன் தாண்டுமுன்பே உறங்கிப்போனாள்.

எல்லை அதிகாரி திறந்தது வாசலை மட்டும்தான். அகதிதானா என்று தீர்க்கும் விசாரணை அடுத்த வருசக் கோடையில் வந்தது. சாப்பாட்டு மேசையில் கம்பியூட்டரை வைத்து, ஷரோன் திரைக்கு முன்னால் தனியே இருந்தாள். அன்ரனெற் கதவுக்கு வெளியே நடைவழியில் நிலத்தில் குந்தியிருந்தாள். யாரோ வீட்டில் வெங்காயம் வதக்கும் மணம் வந்தது. கதவு திறந்தபோது பிள்ளையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஓமாம்," என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள், விக்கல் எடுக்கும்வரை.

அந்தக் கிழமையே வக்கீல் இன்னொன்றையும் விளக்கினார். எந்த நாட்டுக்குப் பயந்து வந்தாளோ அங்கே திரும்பிப் போனால், இந்தப் பாதுகாப்பையே எடுத்துவிடலாம். ஷரோன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அம்மாவுக்குக் கல்லுக் கட்டேல்லை, சின்னம்மா. மரக் குருசுதான் நட்டது. பிறகு போய்க் கட்டலாமெண்டு நினைச்சன்."

"நான் போறன்," என்றாள் அன்ரனெற். கனடாப் பாஸ்போர்ட் எடுத்து வருசக்கணக்கு. ஊர்ப்பக்கம் போகிற துணிவு மட்டும் இதுவரை வந்ததில்லை.

"பயமில்லையோ?"

"பயம்தான்."

ஷரோன் அவளுடைய கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் கீறினாள். "இது கோயில். இது பின்மதில். இதால திரும்பினா கடல் தெரியும், அங்கால போகாதேங்கோ. இந்த மூலையில, பூவரசுக்குக் கீழ."

"விளங்குது."

"காலமையே போங்கோ சின்னம்மா. பின்னேரம் மண் கொதிக்கும், கால் வைக்கேலாது."