இரண்டாவது மாடிக்குப் பத்து கிராம்

திங்கட்கிழமை காலையிலிருந்து தாலுகா அலுவலகத்தில், சற்குணத்தின் நாற்காலியில் ஒரு கொடுவா மீன் உட்கார்ந்திருந்தது. நாலு கிலோ தேறும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆகவே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"என் சீட்டுல மீன் இருக்கு சார்," என்று தாசில்தாரிடம் போய்ச் சொன்னார் சற்குணம்.

"பாத்தேன். அதுக்குள்ள பதினொரு மனு முடிச்சிருச்சு."

பட்டாப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். அந்த நாற்காலி போய்விட்டால் தான் யாரென்று அவருக்கே தெரியாது. செவ்வாய் முழுக்க இருப்புக் கொள்ளாமல் தாழ்வாரத்தில் நடந்தார். நடக்க நடக்க அது நீண்டது. கழிவறைக்குப் போய்வரச் சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

புதன்கிழமை தூண்டில் கடைக்குப் போனார். கடைக்காரர் இருதயராஜ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஜிக் ஹெட்டுகள். முள்ளின் கழுத்தில் ஈயக் குண்டு வைத்த சாமான், அவ்வளவுதான்.

"எவ்ளோ ஆழம் சார்?"

"ரெண்டாவது மாடி."

"ஃபேன் ஓடுதா?"

"மூணுல வைப்பாங்க."

"அப்ப நீரோட்டம் இருக்கு. ஏழு கிராம் குண்டுன்னா அடிச்சிட்டுப் போயிடும். பத்து எடுத்துக்குங்க. அடியில என்ன, கல்லா, சேறா?"

"மொசைக். மேல ஃபைலு."

"ஃபைலுதான் சிக்கும். முள்ளு மேலே பாத்த மாதிரி இருக்கணும்."

ரப்பர் மீன் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். அதன் வாயில் முள்ளை நுழைத்து, முதுகின் நட்டநடுவில் வெளியே எடுக்க வேண்டும். இம்மி பிசகினாலும் நீந்தாது, பம்பரமாகச் சுற்றும்.

"மொதல்ல முள்ளை ரப்பர் மீனுக்குப் பக்கத்துல வச்சு அளங்க சார். முள்ளு வெளிய வர்ற எடத்துல நகத்தால ஒரு கோடு போட்டுட்டுக் குத்துங்க."

சற்குணம் அளக்கவில்லை. அளப்பது நில அளவைப் பிரிவின் வேலை.

வியாழக்கிழமை மனுதாரர் வரிசைக்குப் பக்கத்தில், வாசலில் நின்று வீசினார். ரப்பர் மீன் சுற்றிச் சுற்றிப் போய் மேசையில் விழுந்தது. கொடுவா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தது. ஒரு சீட்டு எழுதிச் சேர்த்துத் திருப்பி அனுப்பியது. "முள் கோணல். சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்."

பதினெட்டு வருடத்தில் எந்த மனுவையும் சற்குணம் அன்றைக்கே திருப்பியதில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

இந்த முறை அளந்தார். நகத்தால் கோடு போட்டார். முள் நேராக வந்தது. ரப்பர் மீன் வாலை ஆட்டிக்கொண்டு கோப்புகளுக்கு மேலே நீந்திப் போனது. கொடுவா அதன்மேல் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, விழுங்கியது. தூண்டில் நரம்பு விறைத்தது. இனி இழுக்க வேண்டியதுதான்.

"இழுக்காதீங்க சார்."

வரிசையில் முதலில் நின்ற பவுனம்மாள்தான் சொன்னாள். மூன்று வருடமாக வந்துபோகிறவள். சற்குணத்துக்கு முகம் தெரியும், பேர் தெரியாது.

"என் பட்டாவுல கையெழுத்து ஆயிடட்டும். அப்பறம் என்னவோ பண்ணிக்குங்க."

மீன் வாயில் முள்ளோடு கையெழுத்துப் போட்டது. பவுனம்மாள் காகிதத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இப்ப இழுக்கலாமா?" என்றார் சற்குணம்.

"எனக்கும் ஆகட்டுமே சார்," என்றார் அடுத்தவர். அவருக்குப் பின்னால் வரிசை படியிறங்கி, சாலையைக் கடந்து, கழிமுகம் வரை போனது.

ஒரு சுண்டு சுண்டினால் நாற்காலி காலி. சற்குணத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே நரம்பை ஒரு முழம் தளர்த்தி விட்டார்.

பிறகு இடது கையில் தூண்டிலைப் பிடித்தபடி, வலது கையால் ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் "நாற்காலியில் ஆள் இருக்கிறது" என்று எழுதி, உள்ளே கொடுவாவுக்கு அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் கையெழுத்தாகி வந்தது.